இருமலுக்கு ஒரு கேள்வி, கிருமிக்கு ஒரு பதில்

● திருச்சி மன்னார்புரம் நால்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாலே இருமுகிறேன். புகையா, கிருமியா? (மன்னார்புரம்)

பஸ் ஏறியதும் நின்றால் புகை. வீடு வரை கூடவே வந்தால் விசாரிக்க வேண்டும். மூச்சுக்குழாயில் நுண்மயிர்கள் உண்டு. தூசியையும் கிருமியையும் சளியில் சுருட்டி மேலே தள்ளுவது அவற்றின் ஓயாத ஊழியம். புகை அவற்றை முடக்கிவிடும். அப்புறம் கிருமியை வழிமறிக்க ஆளேது?

● சளி மஞ்சளானால் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா? (காஜாமலை)

நிறம் பார்த்து எடுக்க இதென்ன ஜவுளிக்கடையா? கிருமியோடு மல்லுக்கட்டிய வெள்ளணுக்களின் நொதிதான் சளிக்கு அந்த நிறத்தைத் தருகிறது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் சளி மஞ்சள் கட்டும். மூச்சு வாங்குகிறதா, காய்ச்சல் விடாமல் அடிக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் டாக்டரிடம் கிளம்புங்கள்.

● ஜலதோஷத்துக்கு மூன்று அசித்ரோமைசின் போட்டேன். ஒரே வாரத்தில் போய்விட்டதே! (சுப்ரமணியபுரம்)

போடாமல் இருந்தால் ஏழே நாளில் போயிருக்கும். ஜலதோஷம் பெரும்பாலும் ரைனோவைரஸின் கைங்கரியம். வைரஸ் ஜலதோஷத்தை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. உங்கள் உடம்பில் சிவனே என்று கிடந்த பாக்டீரியாக்கள்தான் அடிபட்டிருக்கும். அதில் தப்பிப் பிழைத்தது அடுத்த முறை மருந்துக்கு மசியாது. காசு கொடுத்து எதிரிக்குச் சிலம்பம் கற்றுத் தராதீர்கள்!

● அப்புறம் அந்த மாத்திரை எதற்குத்தான் உதவும்? (கே.கே. நகர்)

உதாரணத்துக்கு, மைகோபிளாஸ்மா நிமோனியே. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் இருமல் தரும் ஆசாமி. பென்சிலின் எப்படிக் கொல்லும்? பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட விடாமல் தடுக்கும். இவனுக்கோ சுவரே கிடையாது! இவன் புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் அசித்ரோமைசின் போன்றவைதான் எடுபடும். எந்தக் கிருமிக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

● சீட்டு இல்லாமல் மாத்திரை தர மாட்டேன் என்கிறார் மருந்துக்கடைக்காரர். (உறையூர்)

கும்பிட வேண்டியவர். வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் 2014 முதல் ‘எச்1’ பட்டியலில் இருக்கின்றன. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று கடையில் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். அவர் ‘இல்லை’ என்பது உங்கள் பேரனுக்காகவும் சேர்த்து.

● ஆவி பிடித்தால் கிருமி சாகுமா? (திருவானைக்காவல்)

கிருமி சாகும் சூட்டில் மூக்கும் வெந்துவிடும். அடைப்பு இளகும், ஆளுக்குச் சுகமாக இருக்கும். அவ்வளவுதான். கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

● வைகுண்ட ஏகாதசிக்கு வந்துபோன உறவினர் அத்தனை பேருக்கும் காய்ச்சல். மார்கழிப் பனிதானே? (ஸ்ரீரங்கம்)

பனியை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். வரிசையில் தோளோடு தோள் நின்று இருமியவரையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். இன்ஃப்ளுயன்சா வைரஸ் அடிக்கடி உருமாறுகிறது, அதனால்தான் தடுப்பூசியும் வருஷத்துக்கு ஒன்று. முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பெருமாள் காத்திருப்பார், வைரஸ் காத்திருக்காது.

● கக்குவான் இருமல் ஒழிந்துவிட்டதா? (தென்னூர்)

ஒழியவில்லை, ஒதுங்கி நிற்கிறது. அதையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட வேண்டும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நீங்கள் சொன்னால், ‘இப்போதே பார்க்கலாம்’ என்று கிருமி சொல்லும்.

● எனக்கு பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. டி.பி. வராதுதானே? (பொன்மலை)

தழும்பை நம்பி இருமலை மறைக்காதீர்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களிலிருந்து காப்பதே அதன் வேலை. குழந்தைக்குக் கேடயம், தாத்தாவுக்குத் தழும்பு.

● டி.பி. வந்த மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். (ஊர் வேண்டாம்)

அனுப்பாதீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஓர் ஆய்வு செய்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, எளிய சாப்பாட்டோடு அதே மாத்திரையை ஓராண்டு சாப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது. சென்னையைப் பார்த்து உலகம் திருந்தியது, மாமியார் திருந்தக் கூடாதா?

● டி.பி. மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். (பாலக்கரை)

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி, மறுபடி தொடங்குங்கள். அது அந்த மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசினின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி விடாவிட்டாலோதான் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இருமல் இரண்டு மாதத்தில் நிற்கலாம், ஆனால் பதுங்கிய கிருமியை ஒழிக்கத்தான் ஆறு மாதக் கணக்கு. நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பி வரும்.

● எத்தனை நாள் இருமினால் சோதனை செய்யலாம்? (மன்னார்புரம்)

இரண்டு வாரம். சளியில் ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் என்றால் அதுவரைகூட வேண்டாம். புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அடிநெஞ்சிலிருந்து காறிய சளியைக் கொடுங்கள், எச்சிலைக் கொடுத்தால் கிருமி அகப்படாது. சோதனை இலவசம், மாத்திரை இலவசம், டி.பி. என்றால் சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசே தருகிறது. தயக்கத்துக்கு மட்டும்தான் விலை, அதை வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டியிருக்கும்.