பொடி பாதி, தண்ணீர் மீதி

கே: இசப்கோல் மருந்தா, உணவா? (திருச்சி)

இரண்டுக்கும் நடுவே நிற்கும் நார். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலத்தில் விளையும் சின்னச் செடி ஒன்றின் விதை உமி அது. குஜராத்தின் உஞ்சா அதற்குப் பேர்போன சந்தை. 1934 முதல் அமெரிக்காவில் விற்கும் மெட்டாமூசிலிலும் இதே உமிதான். நம் குடலால் இதைச் செரிக்க முடியாது. இதன் பலமே அதுதான். தண்ணீரை இழுத்து வழவழவென்று கூழாகி, இறுகிய மலத்தை இளக்கும். அடிக்கடி நீர்த்துப் போகிறவருக்கு அதே கூழ் மலத்தைக் கட்டும்.

கே: ஒரு வாரமாகச் சாப்பிடுகிறேன். முன்பைவிட இறுகிவிட்டதே? (மதுரை)

எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? ஒரு ஸ்பூன் உமிக்கு 240 மில்லியாவது வேண்டும். பெரிய டம்ளர் நிறைய. கலக்கியவுடன் குடித்துவிடுங்கள். உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றுவது ஆபத்து: தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

கே: நான் வாங்கும் ‘இயற்கை நார்ப்பொடி’ ஒரே ராத்திரியில் வேலை செய்கிறது. தினமும் சாப்பிடலாமா? (நெல்லை)

டப்பாவைத் திருப்பி, உள்ளே என்னென்ன என்று படியுங்கள். நார் இத்தனை அவசரப்படாது. பலன் தெரிய 12 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். விடிவதற்குள் வேலை முடிந்தால் அதில் நிலவாகை இருக்கக்கூடும். உலகச் சந்தையில் உங்கள் ஊர்ப் பெயராலேயே ‘டின்னவேலி சென்னா’ என்று அறியப்பட்ட மூலிகை அது. நல்ல மருந்துதான், ஆனால் நார் அல்ல. குடல் தசையைத் தூண்டிவிடும் பேதி மருந்து. சில நாள் தேவைக்கு எடுக்கலாம். யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்று வலியும் பேதியும் வரும். பேதி நீண்டால் உடலின் பொட்டாசியம் குறையும். நாரையும் பேதி மருந்தையும் ஒன்றாகக் கலந்த பொடிகளும் கடையில் இருக்கின்றன. முகப்பில் பெரிதாக ‘நார்’, பின்னால் பொடி எழுத்தில் ‘நிலவாகை’ என்றிருந்தால் வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரண்டும் ஒரே அளவு எழுத்தில் முகப்பிலேயே இருக்க வேண்டும்.

கே: நார்ப்பொடி சாப்பிட்டால் வயிறு பலூனாகிறது! (கோவை)

சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் வகையா என்று பாருங்கள். அதைக் குடல் பாக்டீரியாக்கள் வேகமாக நொதிக்கவைக்கும், வாயு கூடும். இசப்கோல் அவ்வளவாக நொதிக்காது. எதுவானாலும் அரை ஸ்பூனில் ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள்.

கே: தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா? (சேலம்)

கூடாது. நான்கு மணி நேரம் தள்ளியே குடியுங்கள். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உணவுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தை இந்தக் கூழ் குறைக்கும்.

கே: பொடி இருக்கும்போது வாழைத்தண்டு எதற்கு? (தஞ்சாவூர்)

பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது 2023-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அதுவும் உணவில் இயல்பாக உள்ள நார். ஒரு ஸ்பூன் உமியில் கிடைப்பது சில கிராம்தான். 100 கிராம் கொய்யாவிலேயே சுமார் 5 கிராம் இருக்கிறது. வாழைத்தண்டும் சுண்டலும் அவரையும் தட்டில் இருக்கட்டும். போதாததைப் பொடி நிரப்பட்டும்.

கே: பொடியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? (வேலூர்)

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலப்போக்கு மாறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போங்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனை. அந்த நிலையில் ஒரு ஸ்பூன்கூட எடுக்காதீர்கள்.