சொந்தக் காசில் சொந்த வண்டியின் விலையைக் குறைப்பது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்தில் கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. வாங்கிய காரைக் கம்பெனி கொடுத்த கோலத்திலேயே ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றி, சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்தால், ஐந்தாறு வருஷம் கழித்து விற்கும்போது நல்ல விலை கிடைத்துவிடும். வாங்க வருகிறவர் பேரம் பேச வழியில்லாமல் அட்வான்ஸை நீட்டிவிடுவார். இந்த விபத்தைத் தவிர்க்கலாம். கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, கடன் கொடுக்க ஆள் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ.யை வைத்துக்கொள்வோம். தடுக்கி விழுந்தால் ஸ்விஃப்ட்மேல்தான் விழவேண்டும் என்கிற ஊர் இது.

வீலில் தொடங்குங்கள். கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த எண், டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 165-இல் 80 சதவீதம் என்றால் 132 மில்லிமீட்டர். வண்டி குழியில் இறங்கும்போது வீலைக் காப்பாற்றுவது இந்த 132 மில்லிமீட்டர் ரப்பரும் அதற்குள் அடைபட்ட காற்றும்தான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 17 இன்ச் அலாயில் 205/45 டயரை மாட்டுங்கள். மொத்த உயரத்தில் பெரிய வித்தியாசம் இராது. முன்பு 620 மில்லிமீட்டர், இப்போது 616. பக்கச்சுவர் மட்டும் 92-க்கு இறங்கிவிடும். நாலு சென்டிமீட்டர் ரப்பர் போயிற்று. வெள்ளறடைப் பக்கம் போகும் வழியெல்லாம் ரப்பர் தோட்டமாக நிற்கிற ஊரில், நம் காரில் மட்டும் ரப்பர் பஞ்சம்.

பலன் தெரிய இடவப்பாதி மழை வரை பொறுக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போன பஞ்சாயத்து ரோட்டில் தண்ணீர் கட்டி நிற்கும். ஆழம் தெரியாது. ‘டொங்’கென்று ஒரு சத்தம். மறுநாள் காலையில் டயரின் பக்கவாட்டில் ஒரு வீக்கம் தெரியும். உள்ளே இழை அறுந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரரால் ஆகிற காரியம் இல்லை, டயரையே மாற்ற வேண்டும். பழைய ஸ்டீல் வீலாக இருந்தால் வளைந்ததைத் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். அலாய் வளையவும் செய்யும், விரிசலும் விடும். விரிசலுக்கு வெல்டு வைத்துத் தருகிறவர்கள் உண்டு. வெல்டு தெரியாமல் மேலே பெயின்ட் அடித்துத் தருகிறவர்களும் உண்டு. தவறாமல் இரண்டாவது வகையாரிடம் போங்கள். வாங்க வந்தவர் கண்ணில் அது படும்போது விலையோடு மானமும் சேர்ந்தே போகும்.

அலாய் வாங்கும்போது உட்புறத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கிறதா என்று தேடாதீர்கள். அலாய் வீலுக்கு ஜப்பான்காரர்கள் வகுத்த தர அளவு அது. தேடினால் நல்ல வீலை வாங்கிவிட நேரும். ஸ்விஃப்டுக்கு நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம். அது பொருந்தினால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்புங்கள். நடு ஓட்டை ஹப்பில் சரியாக உட்காராவிட்டால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட் குறைந்தால் வீல் ஃபென்டரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பதற்குத்தானே இத்தனை காசு? பாரம் தள்ளி விழுவதால் வீல் பேரிங் சில மாதங்களில் ஊளையிடத் தொடங்கும். டிக்கியில் சப்வூஃபர் எதற்கு இருக்கிறது?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டயர் மாற்றுவதில் விலைக்குச் சாதகமான வழியும் ஒன்று இருக்கிறது. கம்பெனி அளவைவிட 5 சதவீதம் உயரமான டயரைப் போட்டால், மீட்டர் 1,00,000 காட்டும்போது வண்டி உண்மையில் 1,05,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆனால் ஸ்பீடாமீட்டரும் கூடச் சேர்ந்து பொய் சொல்லும். அந்தப் பொய்யை ரோட்டோரக் கேமரா கண்டுபிடித்து, அபராதம் வண்டி நம்பர்மேல் ஏறிக் கிடக்கும். அதைக் கட்டாமல் விற்க முடியாது.

வீலுக்கு அடுத்தது ஹெட்லைட். கம்பெனி வைத்தது 60/55 வாட் பல்பு. 100/90 வாட் வாங்கிப் போடுங்கள். ரிலே மட்டும் வைத்துவிடாதீர்கள்; ரிலே இருந்தால் கரன்ட் சுவிட்ச் வழியாக வராமல் பேட்டரியிலிருந்து நேராகப் போய்விடும், வயர் சூடேறாது. சூடேறினால்தான் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் மங்கும், வயரின் மேலுறை பழுப்பேறி நொறுங்கும். எதிரே வருகிற பஸ் டிரைவர் சொல்லும் வார்த்தைகள் இலவசம்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது, கதவில் தீ ஜுவாலை ஸ்டிக்கர், டிக்கிமேல் விமானத்து இறக்கை: இதெல்லாம் அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதும் நல்ல யோசனைதான். அப்படி மாட்டக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது; மோதும்போது ஏர்பேக் விரிகிற கணக்கை அந்தக் கம்பி குழப்பும் என்பதும் ஒரு காரணம். ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை: உரித்தால் அடியில் பெயின்ட் புதிதாகவும் சுற்றிலும் வெயிலில் வெளிறியும் இருக்கும். ஜுவாலை போனாலும் தடம் போகாது.

இனி சட்டம். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிப் பேசுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அதன் பொருளை உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டு வந்த பெருமை நம் கேரளத்துக்கே உண்டு. உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், மாநில விதியைக் காட்டி மாற்றத்துக்கு இடம் கொடுத்திருந்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் 2019 ஜனவரி 9-ஆம் தேதி அதை ரத்து செய்தார்கள்: தயாரித்தவர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம் அபராதத்தையும் சொல்லிவிட்டது. உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீல், சைலன்சர், ஹெட்லைட், பம்பர் என்று நாலைத் தொட்டால் 20,000. அத்தனை மாற்றத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், மோதிய பிறகு கிளெய்ம் கேட்கும்போது அவர்கள் சொல்வதையும் கேட்கலாம்.

கேரள மோட்டார் வாகனத் துறையினர் சோதனைக்குப் பெயர் வைப்பதில் சினிமாக்காரர்களைத் தோற்கடிப்பார்கள். கறுப்பு ஃபிலிமுக்கும் திரைச்சீலைக்கும் 2021-இல் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’. சைலன்சருக்கு 2022-இல் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’. ஃபிலிம் கதையில் இப்போது ஒரு திருப்பம் வந்திருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததை, விதி திருத்தப்பட்ட பிறகு, 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஓரளவு தளர்த்தியது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் உள்ளே வந்தால் ஒட்டலாம். அதாவது சட்டத்துக்கு உட்பட்ட ஃபிலிம் கடையில் கிடைக்கிறது. தெரியாத்தனமாக அதை வாங்கிவிடாதீர்கள்.

இந்தக் கலையில் உச்சம் தொட்டவர் ஆலப்புழைக்காரர். 2024 மே மாதம் ஒரு யூடியூபர் டாடா சஃபாரியின் உள்ளே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பி, நீச்சல் குளமாக்கி ஓட்டினார். தண்ணீர் கசிந்து பக்கவாட்டு ஏர்பேக் விரிந்தது. கதவைத் திறந்து தண்ணீரை ரோட்டில் விட்டார்கள். வண்டியின் பதிவும் போயிற்று, அவர் லைசென்ஸும் போயிற்று. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; வீலிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதியை முடித்துத் தருவது எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றைக்குக் கோடு போட்டவர்கள் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்டை நினைத்திருக்க நியாயமில்லை. இங்கே பாறசாலையில் கே.எல். 19, நெய்யாற்றின்கரையில் கே.எல். 20. இஞ்சிவிளையைத் தாண்டிக் களியக்காவிளையில் டீ குடித்தால் டி.என். 75. பேச்சு ஒன்று, பெண் கொடுத்து எடுப்பது ஒன்று, மீன் வாங்கும் சந்தை ஒன்று. கார் விற்றால் மட்டும் அது வெளிமாநில வியாபாரம்.

வாங்குகிறவர் பக்கத்து ஊராக இருந்தாலும் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வின் கீழ் வருகிறவர் என்றால், பழைய அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். 12 மாதத்துக்குமேல் அந்தப் பக்கம் ஓடும் வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். சாலை வரியை அங்கே புதிதாகக் கட்ட வேண்டும். கடைசியாக, வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சேசிஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்கும் அந்த நேரத்தில், ஃபென்டரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் 17 இன்ச் வீல் அவர் கண்ணில் படாமல் போக அவர் சாமியாராக இருக்க வேண்டும். உள்ளூரிலேயே பெயர் மாற்றினால் பெரும்பாலும் காகிதத்தோடு காரியம் முடிந்துவிடும். எல்லை தாண்டினால் வண்டியே சாட்சி சொல்ல வருகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்து புரோக்கர்கள் மாற்றம் செய்த வண்டியைக் கண்டாலே முதலில் பாதி வாடிக்கையாளர்களை மனசில் கழித்துவிடுகிறார்கள். மீதி இருப்பவர்களிலும், காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிப்போக வண்டி தேடுகிறவருக்குத் தாழ்ந்த சீட்டும் கறுத்த கண்ணாடியும் ஆகாது.

மாற்றத்துக்குப் போட்ட காசு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பழைய நகையை விற்கப் போகும்போது செய்கூலி என்ன ஆகிறதோ அதுதான். கம்பெனியே மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் 185/65 ஆர்15 டயரும் அதன் கம்பெனி அலாயும் போட்ட வண்டி ஓரளவு தப்பிக்கும்; ‘டாப் மாடல் போல இருக்கு’ என்று வாங்க வருகிறவருக்கு ஒரு சந்தோஷம். அதற்குமேல் போனதெல்லாம் உங்கள் ஆசைக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

விற்கிற நாள் இப்படி இருக்கும். புரோக்கர் வருவார். அலாயைப் பார்க்க மாட்டார். நேராகக் குனிந்து ஃபென்டரின் உள்விளிம்பில் விரலை ஓட்டுவார். டயர் உரசி பெயின்ட் போன இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். ரிம்மின் ஓரத்தை நகத்தால் சுரண்டுவார். டயரின் பக்கச்சுவரில் நாலு எண்ணைத் தேடிப் படிப்பார்: 2319.

“இது 19-ல 23-ஆவது வாரம் செஞ்ச டயர்லா மக்கா. புதுசுன்னு சொன்னே?”

“கடையில புதுசுன்னுதான் அண்ணே தந்தாவ.”

பானட்டைத் தூக்குவார். ஹெட்லைட் வயரில் சுற்றிய கறுப்பு டேப்பைத் தொடுவார். ஒன்றும் சொல்லாமல் மூடுவார். பிறகு ஒரு விலை சொல்வார். நீங்கள் அதிர்ந்துபோய், “அண்ணே, வீலுக்கும் டயருக்கும் மட்டும் எழுபத்தஞ்சாயிரம் ஆச்சு” என்பீர்கள்.

“அப்பம் அதைக் கழத்தி நீயே வச்சுக்க. பழைய நாலு வீலையும் போட்டுத் தா, பதினஞ்சாயிரம் கூட்டித் தாறேன். வாங்குத ஆளு மார்த்தாண்டம். இந்தக் கோலத்துல இன்ஸ்பெக்டருக்க முன்னால கொண்டு நிறுத்த முடியுமா? ஒரிஜினல் வீலு எங்க கெடக்கு?”

“ஆக்கர் கடையில போட்டாச்சு.”

“எவ்வளவுக்கு?”

“நாலுக்கும் சேத்து எண்ணூறு.”

புரோக்கர் ஃபோனை எடுத்து யாருக்கோ பேசுவார். சைகையில் உங்களை நிற்கச் சொல்வார். “களியக்காவிளையில ஒரு கடையில ஸ்விஃப்ட் வீலு நாலு கெடக்காம், இந்தப் பக்கத்து வண்டியில உள்ளதுதான்” என்பார். “வேற டயர் போட்டு, எண்ணாயிரம் சொல்லுகான்.”