மாஸ்கோவிலிருந்து வந்த வெண்பனி

எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் பனி என்றால் மார்கழி விடியலில் ரயில்வே கேட்டை மறைக்கும் மூட்டம்தான். முழங்கால் அளவுக்குக் குவியும் வெண்பனியை எனக்குக் காட்டியவை சோவியத் புத்தகங்கள். எண்பதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் அவற்றை விற்க வரும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேனைப் பார்த்துவிட்டால் அப்பா வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டார். ஒன்றிரண்டு ரூபாய்தான். கெட்டி அட்டை, பக்கம் கொள்ளாத வண்ணப் படங்கள், முதல் தாளில் முன்னேற்றப் பதிப்பகம் அல்லது ராதுகா பதிப்பகம், மாஸ்கோ.

அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்றால் எனக்கு உயிர். தமிழில் தந்தவர் நா. முகம்மது செரீபு. அதில் ஒரு பையன் தன் அழகான பந்தைக் காருக்கு அடியில் உருட்டிவிடுவான். கார் ஏறினால் பந்து என்ன ஆகும் என்று பார்க்கத்தான்! எங்கள் தெருவுக்குள் கார் வந்தாலே கூட்டம் கூடிய காலம் அது. ஆனாலும் அவன் பக்கத்து வீட்டுப் பையனாகவே தெரிந்தான். அவன் தமிழ் பேசினான், வேறென்ன வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்களை மாஸ்கோவிலேயே குடியமர்த்தி, அங்கேயே தமிழில் அச்சிட்டு அனுப்பியது ஓர் அரசாங்கம். அதன் அரசியல் நோக்கம் ஊரறிந்தது. இருந்தும் கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையின் கைக்கும் உயர்ந்த சித்திரம் எட்டியது, அதை நான் மறக்க மாட்டேன். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. புத்தக வரத்தும் நின்றுபோனது.

பிறகு எங்கள் பக்கமே மாறிவிட்டது. மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான். புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் துறைமுகத்துக்குப் போகின்றன. சென்னையின் படப்புத்தகமும் இப்போது கடல் தாண்டுகிறது. கீதா வுல்ஃப் 1994-ல் தொடங்கிய தாரா புக்ஸ், கோண்டு ஓவியர்களின் 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலுக்கு 2008-ல் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியின் விருது வாங்கியது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையால் சில்க் ஸ்கிரீன் அச்சு போட்டது அது. தடவினால் மரக்கிளையின் மை விரலில் மேடு தட்டும். எத்தனை கைகளின் உழைப்பு! அதற்கேற்ற விலை நியாயமானதே, ஆனால் ஷிப்டு சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

எங்கள் மாடி போர்ஷனில், வேலைக்காக இந்தப் பக்கம் வந்த ஒடிசாக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மகள் தமிழை மளமளவென்று பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா வாசித்துக் காட்ட ஒடியாவில் ஒரு படப்புத்தகம் தேடினேன். இங்குள்ள கடைகளில் ஒன்றுகூட இல்லை. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கிடைத்தது, அதுவும் இலவசமாக. திறந்த உரிமம் என்பதால் யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்து, நடுவில் பின் அடித்துக் கொடுத்தேன். அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனால் குழந்தை விடவில்லை, யானைப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய வழி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகள் அதில் ஒரு துளியை ஒதுக்கி ஒடியா, இந்தி, வங்காளப் படப்புத்தகங்களைத் தமிழோடு சேர்த்து அங்கன்வாடிகளுக்குக் கொடுக்கட்டும். கதைகளும் படங்களும் தயாராக இருக்கின்றன, அச்சடிக்கச் சிவகாசி இருக்கிறது.