மாமனாரின் சாதகம்

கேள்வி: விருத்தாசலம் பீங்கான் ஆலையில் உழைத்து இளைப்போடு ஓய்வு பெற்ற என் மாமனார், பாடினால் சுவாசம் சீர்படும் என்று விடியற்காலையிலேயே சாதகம் செய்கிறார். பலன் உண்டா?
– ஒரு மருமகன், வேப்பூர்.

பதில்: மாமனாருக்கு உண்டு, தங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நாட்பட்ட இளைப்பு நோயில், உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் தேங்கி அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடுவதால், ஒரு வரியை இழுத்துப் பாடி நிதானமாக மூச்சை விடும் அப்பியாசம் அனுகூலமாகலாம் என்று கருதி, லண்டன் ராயல் பிராம்ப்டன் ஆஸ்பத்திரியார் நோயாளிகளுக்குச் சங்கீத வகுப்பே நடத்தி, 2010-இல் வெளியிட்ட பரிசோதனை முடிவில், நடக்கும் தூரம் கூடவில்லையாயினும் மனக்கலக்கம் குறைந்ததென்று யோக்கியமாகவே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பீங்கான் ஆலையின் சிலிக்கா தூசி நுரையீரலில் இட்ட தழும்பை எந்த ராகமும் அழிக்காது. ஆகவே வைத்தியரின் மருந்தை நிறுத்த வேண்டாம். சாதகத்தை மாலைக்கு மாற்றச் சொல்வது தங்கள் மனைவியின் சாமர்த்தியம்.