கரிய எழுத்துல பூசு, ஏட்டுல பூசாத

எய்யா, இங்க வா. அந்தப் போனைச் சித்த கீழ வையி. வச்சா உசுரா போயிரும்?

உங்க செட்டுக்குள்ள இப்ப ரெண்டு கட்சியாம்லா? ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. டார்க் மோடுதான் ஒசத்திங்கான் ஒருத்தன். லைட் மோடுதான் லெச்சணம்ங்கான் இன்னொருத்தன். நேத்து டீக்கடையில ஒரு பய சொல்லுதான், "வெள்ளைத் திரை வச்சிருக்கவன் போனை நான் கையால தொடமாட்டேன், கண்ணு அவிஞ்சிரும்"னு. கறுப்புச் சட்டைக்காரங்களை நானும் நெறையப் பாத்தவன்தான். அவுகளுக்கு ஒரு கொள்கை இருந்துச்சு, மேடை இருந்துச்சு. ஒனக்கு என்னல இருக்கு? செட்டிங்ஸ்ல ஒரு பொத்தான் இருக்கு. அதுக்கா இம்புட்டு ரோசம்?

கேட்டா, "இது புதுசு தாத்தா"ங்க. புதுசுதான், யாரு இல்லன்னா? 2019 செப்டம்பர்ல ஆண்ட்ராய்டு 10 வந்துச்சு, அதே மாசம் ஐபோனுக்கு ஐஓஎஸ் 13 வந்துச்சு. ரெண்டுலயும் கறுப்புக்கு ஒரு பொத்தான். அடுத்த மார்ச்சுல வாட்ஸ்ஆப்புலயும் வந்துட்டு. ஏதோ கருப்பசாமியே நேர்ல வந்து வரம் குடுத்த கணக்கா நீங்க துள்ளுன துள்ளு எனக்குத் தெரியும்லா.

ஏல, நான் ஒண்ணாப்புல உக்காந்ததே டார்க் மோடுலதான். சிலேட்டு என்ன கலரு? பலப்பம் என்ன கலரு? கோவை இலையக் கசக்கித் தேச்சா சிலேட்டு கன்னங்கரேல்னு ஆயிரும். வகுப்புல இருக்க பலகைக்கு ஊமத்தை இலையும் அடுப்புக் கரியும் அரைச்சிப் பூசணும். அது எங்க வேலை. கை கறுத்துப் போயிரும். ஊமத்தை விசம்லா, அதனால எங்க ஆச்சி அந்தக் கையோட சோத்துச் சட்டி பக்கமே விடாது. இம்புட்டுப் பாடுபட்டோமே, எங்கள்ல ஒருத்தனாச்சும் "ஆகா, கண்ணுக்கு என்ன இதம்"னு சொல்லியிருப்பான்னா நெனைக்க? தாளு விலை கட்டாது. சிலேட்டுன்னா எச்சியத் தொட்டு அழிச்சி அழிச்சி எழுதலாம். கதை அம்புட்டுத்தான். நோட்டு வாங்க வக்கு வந்த அன்னைக்கே எல்லாப் பயலும் வெள்ளைக்கு ஓடிட்டோம்.

கம்ப்யூட்டரும் அந்த வழியாத்தான் வந்துச்சு. அந்தக் காலத்துல ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டர்ல எட்டிப் பாத்தா, உள்ள ஒரு கறுப்புத் திரை, அதுல பச்சை எழுத்து ஓடும். அது ஸ்டைலுக்கு வச்சதுன்னு நெனச்சிராத. பழைய பிக்சர் ட்யூப்பு. எழுத்து விழுத எடத்துல மட்டும் உள்ள பூசின மருந்து மினுங்கினாப் போதும். திரை முச்சூடும் வெள்ளையாக்குனா கண்ணு முன்னால விட்டு விட்டுத் துடிக்கும். மிஷினுக்கு முடியல, கறுப்பு வச்சான்.

பெறவு 1973-ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனிக்காரங்க ஆல்ட்டோன்னு ஒண்ணு செஞ்சாங்க. ஆபீசுல இருக்க தாளை அப்படியே நிமித்தி வச்ச வாக்குல ஒரு திரை. வெள்ளை மேல கறுப்பு எழுத்து. 1984-ல ஆப்பிளோட மேக்கின்டாஷ் அந்த வெள்ளையக் கடைக்குக் கொண்டாந்துச்சு. அன்னைக்கு வெள்ளைதான் நாகரிகம். கறுப்புத் திரை வச்சிருந்தவன் பட்டிக்காட்டான். முப்பத்தஞ்சு வருசம் கழிச்சி, இப்ப வெள்ளை வச்சிருக்கவன் பட்டிக்காட்டானாம். நான் ரெண்டையும் பாத்துட்டு உக்காந்திருக்கேன். சிரிக்காம என்ன செய்ய?

பெங்களூர்லேந்து லீவுக்கு வந்திருக்கான்லா மேலத்தெரு பய, அவன் கூத்தப் பாத்தியா? பட்டப்பகல்ல சன்னலைச் சாத்துதான். திரைச்சீலைய இழுத்து விடுதான். லைட்டை அமத்துதான். கறுப்புத் திரையில கலர் கலரா எழுத்து. "என்னய்யா இது, துட்டிவீடு கணக்கா?"ன்னேன். "போக்கஸ் தாத்தா, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னான். பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். பய புரோட்டாவுக்கு ஆர்டர் போட்டுக்கிட்டு இருக்கான். புரோட்டாவுக்கு எதுக்குல இம்புட்டு இருட்டு?

சரி, கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லுதீயளே, அதுக்கு வருவோம். அங்கனதான் சங்கதியே இருக்கு.

உன் கண்ணுல நடுவுல ஒரு பாவை இருக்குல்லா? வெளிச்சம் பட்டா சுருங்கும், இருட்டுல விரியும். சுருங்கினா எழுத்து கூரா விழும். விரிஞ்சா ஓரமெல்லாம் மங்கலாத் தெரியும். அப்ப வெள்ளைத் திரையப் பாக்கும்போது பாவை என்ன செய்யும்? சுருங்கும். எழுத்து நல்லாத் தெரியும். இதுல என்ன மந்திரம் இருக்கு? ஜெர்மனியில டுசெல்டார்ப் யுனிவர்சிட்டிக்காரங்க எளவட்டத்தையும் வயசாளியையும் உக்கார வச்சிப் பாத்து, 2013-ல எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு கூட்டத்துக்குமே வெள்ளை மேல கறுப்பு எழுத்துதான் தோதாப் பட்டுச்சாம். கண்ணாடிக்கடைச் சீட்டுல உனக்கு சிலிண்டர் பவர்னு ஏதாச்சும் எழுதியிருக்கா, பாரு. அப்படி இருக்கவங்கள்ல நெறையப் பேருக்குக் கறுப்பு மேல வெள்ளை எழுத்து ஈசிப் போயித் தெரியும். நீ என்னடான்னா கண்ணக் குறுக்கிக்கிட்டுக் கறுப்பையே பாத்துட்டு, "தல வலிக்கு தாத்தா"ங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணும்னும் இல்ல. நம்ம ஓலைச்சுவடி இருக்கே, எழுத்தாணியால வெறுமனக் கீறிவிட்டா ஒண்ணும் வெளங்காது. கரியும் இலைச்சாறும் சேத்து மேல தேச்சித் துடைப்பாக. கீறின எடத்துல கரி தங்கிரும், ஓலை வெளுப்பா நிக்கும். பாத்துக்க, கரிய எழுத்துலதான் பூசினான். ஏடு முச்சூடும் கரியப் பூசிட்டு எழுத்தைத் தேடல.

ஒன் கட்சிக்காரன் சண்டைக்கு வருமுன்ன அவனுக்கும் ஒரு வாய் போட்டுருவோம். அதே ஜெர்மனியில டூபிங்கன்ல 2018-ல இன்னொரு கூட்டம் சோதிச்சிச்சி. வெள்ளை மேல கறுப்பு எழுத்தைப் படிச்சா கண்ணுக்குள்ள பின்பக்கமா இருக்க ஒரு சவ்வு லேசா மெலியுதாம். கறுப்பு மேல வெள்ளையப் படிச்சா தடிக்குதாம். மெலிஞ்சா கிட்டப்பார்வைக்கு வழியாகலாமோன்னு அவுகளுக்கு ஒரு சந்தேகம். சின்னச் சோதனைதான், ஆனா தள்ளிவிடத் தோணல. அதுக்காக பிள்ளைக கையில கறுப்புப் போனைக் குடுத்துட்டா தீந்துச்சா? தைவான்ல 2010-லேந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள நாளுக்கு 2 மணி நேரம் வெளிய வெளிச்சத்துல விடுங்கன்னு ஒரு ஏற்பாடு. பார்வை கொறஞ்ச பிள்ளைக கணக்கு ஏறிக்கிட்டே இருந்தது கீழ எறங்குச்சி. வெளிய கெடக்க வெயிலுக்கு பொத்தானும் கெடயாது, சார்ஜரும் வேண்டாம். உன் மவனைத் தெருவுல விட்டியா? "டஸ்ட் அலர்ஜி"ங்க.

கண்ணு எரியுது எரியுதுன்னு சொல்லுத பாரு, அது எதனாலங்க? நீ இமைக்க மாட்டேங்க. திரையப் பாக்கும்போது மனுசன் இமைக்கிறதே கொறஞ்சி போவுது, கண்ணு காஞ்சி போவுது. கறுப்புத் திரைன்னா என்ன, தண்ணியா தெளிக்கும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிக் கெடந்துட்டு கலரைக் குத்தம் சொல்லுத.

பேட்டரி மிச்சம்ங்கியா? அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஓஎல்ஈடி திரைன்னா ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்புன்னா அந்தப் புள்ளி அவிஞ்சிரும். அதுல மிச்சம் உண்டு. விலை கொறஞ்ச போன்ல, லேப்டாப்புல பெரும்பாலும் எல்சிடி. அதுக்குப் பின்னால வெளக்கு எப்பவும் எரிஞ்சிக்கிட்டேதான் கெடக்கும். தார்சாவுல ட்யூப்லைட்டைப் போட்டுட்டு, துண்ட எடுத்து மூஞ்சியில போத்திக்கிட்டு "கரண்ட்டு மிச்சம்"னு சொல்லுத மாதிரிதான் அதுல நீ கறுப்பு போடுதது. மொதல்ல உன் போன்ல என்ன திரைன்னு பாத்தியா? பாத்திருக்க மாட்ட. கவர் என்ன கலருன்னு மட்டும் ஒரு மாசம் யோசிச்சிருப்ப.

ஓஎல்ஈடியே வச்சிருந்தாலும் கேளு. அமெரிக்காவுல பர்டியூ யுனிவர்சிட்டிக்காரங்க 2021-ல அளந்து பாத்தாங்க. வெளிச்சத்தை 100 சதவீதத்துல வச்சா, கறுப்புக்கு மாறினதுல சராசரியா 39 லேந்து 47 சதவீதம் மிச்சம். வெளிச்சம் 30, 50ன்னு இருந்தா மிச்சம் வெறும் 3 லேந்து 9. நம்ம ஆளுக வீட்டுக்குள்ள அந்த அளவுலதான் வச்சிருக்கான். பெறவு என்ன கொள்ளையா மிச்சம் வரப்போவுது? மேலேந்து வெரலை இழுத்தா ஒரு கோடு வரும்லா, சூரியன் படம் போட்டு. அதக் கொஞ்சம் எறக்கு. அதுல பெருமை இல்ல பாரு, அதான் ஒரு பயலும் தொடமாட்டேங்கான்.

நான் கறுப்பே ஆகாதுன்னு சொல்லல. ராத்திரி பஸ்ல எல்லாரும் தூங்கும்போது போட்டுக்க. பக்கத்துல பொஞ்சாதி படுத்திருந்தா கட்டாயம் போட்டுக்க, இல்லன்னா வெளக்குமாறு வரும். நட்டநடு மத்தியானம் தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, கறுப்புத் திரையக் கையால மறைச்சி மறைச்சிப் பாக்குதான் ஒருத்தன். தெரியல. கடைசியில என்னயக் கேக்கான், "தாத்தா, ராஜபாளையம் பஸ் எத்தன மணிக்கு?" நான் சொவத்துல எழுதிப் போட்டிருந்ததைக் காட்டினேன். வெள்ளைச் சொவரு, கறுப்பு எழுத்து.

இப்ப போனே தானா மாறிக்கிடுதாம்லா, பொழுது அடைஞ்சதும் கறுப்பு, விடிஞ்சதும் வெள்ளை. நல்ல ஏற்பாடுதான். பொழுது அடைஞ்சது போனுக்குத் தெரியுது.

கறுப்புக்குன்னு மெய்யாவே உரிமை உள்ள ஒரு கூட்டம் உண்டு. அது நாங்க. கண்ணுல புரை விழுந்தவங்களுக்கு வெள்ளைத் திரை வெளிச்சம் உள்ள போயிச் செதறி, எல்லாம் பால் ஊத்துன கணக்காத் தெரியும். கறுப்பு மேல வெள்ளை எழுத்துன்னா கொஞ்சம் பிடிபடும். அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டியில 1985-லயே இதப் பாத்துச் சொல்லிட்டாங்க. உங்க ஆச்சிக்கு வலது கண்ணுல புரை. அது போனுக்கு நான்தான் கறுப்பு போட்டுக் குடுத்தேன், எழுத்தையும் பெருசாக்கி விட்டேன். ஒரு தடவைக்கு மூணு வரிதான் தெரியுது, ஆனா அந்த மூணையும் அது தானே படிக்கி. நீ அதப் பாத்துட்டு, "ஆச்சியும் டார்க் மோடா, செம"ன்னு படம் பிடிச்சி ஸ்டேட்டஸ்ல போடுத. ஏல கோட்டிப்பயல, அது ஆபரேசனுக்கு நாள் குறிச்சிட்டு இருக்கு. முடிஞ்சதும் வெள்ளைக்கு மாத்திருன்னு இப்பவே சொல்லிட்டு. அன்னைக்கு என்னத்தல ஸ்டேட்டஸ் போடுவ?