அட்டவணையார்

ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் ஓர் அட்டவணையார் இருக்கிறார். ஊட்டிக்குப் போவதானாலும் உகாண்டாவுக்குப் போவதானாலும் அவரைக் கேட்காமல் யாரும் பெட்டியை எடுப்பதில்லை. கல்யாண வீட்டில் பந்தி எத்தனை மணிக்கு என்று சமையல்காரருக்கே நினைவூட்டுபவர் அவர். ரயில் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்திருப்பார். ரயில் நேரத்துக்கு வந்தால் "நான் போட்ட கணக்கு" என்பார். தாமதமானால் "இவங்களுக்கு எப்பவுமே இதே வேலை" என்பார். ஆக, அவர் கணக்கு தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

உள்ளூரில் பார்ப்பதெல்லாம் பாதி அட்டவணையார்தான். முழு உருவத்தையும் தரிசிக்க வேண்டுமானால் வெளிநாட்டில், வாடகைக் காரில், அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் நியூசிலாந்தின் தென் தீவில் வாய்த்தது. இந்த அட்டவணையார் கல்லூரி நாளிலிருந்தே என் சிநேகிதர். கார் ஓட்டுவது நான். என்னை ஓட்டுவது அவர்.

பயணத்துக்கு எத்தனையோ மாதம் முன்பே எக்செல் ஷீட் வந்துவிட்டது. ஊர், தூரம், நேரம், செலவு, குறிப்பு என்று கட்டங்கள். சாப்பாட்டுக்குப் பச்சை, பெட்ரோலுக்கு மஞ்சள், காட்சிகளுக்கு நீலம். ஒரு நீலக் கட்டத்தில் "ஏரியைப் பார்த்து மெய்ம்மறத்தல்: 12 நிமிடம்" என்று இருந்தது. பன்னிரண்டுக்குள் மெய் திரும்பாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். "காரில் வந்து மறந்துக்கோ" என்றார்.

சிரிக்கிறோமே தவிர, அவரால் நமக்கு நஷ்டம் வந்தது கிடையாது. நியூசிலாந்துக்குள் தின்பண்டம் எதையும் சொல்லாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் 400 டாலர் அபராதம். மற்றவர்கள் பருப்புப் பொடியை வேட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டு முருகனை வேண்டிக்கொள்வார்கள். அட்டவணையாரோ பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு என்று எடை போட்டு எழுதிய பட்டியலை விமான நிலையத்தில் நீட்டினார். அங்கே சோதனை செய்த அம்மாள் பட்டியலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் இவரைப் பார்த்தார். "போங்கள்" என்றுவிட்டார். அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது திருப்தியா பரிதாபமா என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

நான் சொல்ல வந்த நாளின் கட்டத்தில் இருந்தது மில்ஃபோர்ட் சவுண்ட். செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம். நாங்கள் தங்கியிருந்த தே அனாவ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் கிடைக்காது என்பதால் முந்தின மாலையே டேங்க் நிரம்பிவிட்டது. பனியில் டயருக்குச் சுற்றும் சங்கிலியும் வாடகைக்கு எடுத்து டிக்கியில் போட்டாயிற்று. வழியில் ஹோமர் சுரங்கம். பிக்காசும் தள்ளுவண்டியுமாக 1935-இல் பாறையைக் குடையத் தொடங்கி, ஒருவழியாக 1954-இல் திறந்தார்கள். நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். பத்தொன்பது வருஷ உழைப்புக்கு அட்டவணையார் ஒதுக்கியது நான்கு நிமிடம். சுரங்க வாசலில் கியா என்ற மலைக்கிளிகள் திரியும். நிற்கிற கார்களின் ரப்பரைக் கொத்திப் பிய்ப்பது அவற்றின் பொழுதுபோக்கு. அதற்கும் கட்டம் உண்டு: "கிளி: 8 நிமிடம். கண்ணாடியை ஏற்றவும்."

இப்படி எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அது செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அந்த நாட்டில் அன்று அதிகாலை இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை மூன்றுக்குத் தள்ளிவிடுவார்கள், கோடைக்கால வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க. செல்போன் தானாக மாறிக்கொண்டது. அட்டவணையாரின் கைக்கடிகாரம் மாமனார் போட்டது. அது யாருக்காகவும் மாறாது.

"ஆறே முக்கால்தான். கால் மணி நேரம் முன்னாடி இருக்கோம்" என்று காபியை உறிஞ்சினார். நான் சுவரைக் காட்டினேன். ஏழே முக்கால்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஒரு நாட்டு அரசாங்கம், ராத்திரியோடு ராத்திரியாக, அவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது!

"கவலைப்படாதே, ஏப்ரல்ல திருப்பிக் கொடுத்துடுவாங்க" என்றேன்.

"ஏப்ரல்ல நான் மாம்பலத்துல இருப்பேன்டா!"

உடனே செல்போனில் ஷீட் திறந்தது. கிளி போயிற்று. மெய்ம்மறத்தல் பன்னிரண்டிலிருந்து மூன்றாயிற்று. இப்படிக் கிள்ளிக் கிள்ளி அறுபது நிமிடத்தையும் ஈடுகட்டி, வெற்றிப் புன்னகையோடு காரில் ஏறினார். ஊர் எல்லையில் பலகை நின்றது: மில்ஃபோர்ட் சாலை மூடப்பட்டுள்ளது.

இரவெல்லாம் மலையில் மழையும் பனியும். ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற பூமி அது. பனிச்சரிவு வரும் என்று பயமிருந்தால் சாலையை அடைத்துவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டுப் பனியைத் தாங்களே சரித்துவிட்டு, பிறகுதான் ஆட்களை விடுவார்கள். அட்டவணையார் தகவல் மையத்துக்குள் நுழைந்து, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தார். இன்றைக்குச் சந்தேகம்தான், மலை விட்டால்தான் உண்டு என்றாள் அங்கிருந்த பெண். மலையின் போன் நம்பரைக் கேட்காமல் அவர் திரும்பியதே பெரிது.

திட்டம் உடைந்த அட்டவணையாரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முதலில் அவர் குற்றவாளியைத் தேடுவார். அன்று யாரும் சிக்கவில்லை. மில்ஃபோர்டில் நாங்கள் முன்பதிவு செய்திருந்த படகுக் கம்பெனியைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டால், சாலை மூடியதால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அவர்கள் முந்திக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ள ஆளில்லாத கோபம் மிகவும் கொடியது. அடுத்தது மௌனம். மௌனத்தில் இருக்கும்போதுதான் அவரை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போக முடியும். நான் காரைத் தெற்கே திருப்பினேன்.

"இது ஷீட்ல இல்லையே!"

"இல்லைதான்."

ஷீட்டைத் திறக்கப் பார்த்தார். அது இணையத்தில் எங்கோ பத்திரமாக இருந்தது. சிக்னல் மட்டும் இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் பச்சை மேடுகளும் ஆட்டு மந்தைகளுமாகப் போயிற்று. நம்மூரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஒற்றைத் தடப் பாலம் வந்தால் மட்டும் யார் முதலில் போவது என்று அம்புக்குறி போட்டுச் சொல்லியிருப்பார்கள். எதிரே வந்தவர்கள் நின்று, வழிவிட்டு, கையும் காட்டினார்கள். "ஹாரனே அடிக்க மாட்டேங்கறானே, உடம்பு சரியில்லையோ?" என்று கவலைப்பட்டார். மௌனம் கலைந்துவிட்டது.

கிளிஃப்டனில் 1899-இல் கட்டிய தொங்குபாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார். திரும்பி வந்ததும் பாக்கெட் நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அடுத்து துவாடாபெரே. சாசேஜுக்குப் பேர்போன ஊர். நியூசிலாந்தின் சாசேஜ் தலைநகரம் என்றே அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அட்டவணையார் புரட்டாசியில் மாமிசம் தொடாதவர். தலைநகரத்தின் நடுவில் காரை நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்து, புளிக்காய்ச்சல் பிசைந்த சாதத்தைச் சாப்பிட்டார். மறுபடியும் நோட்டு.

மக்ராக்கன்ஸ் ரெஸ்ட் என்ற மேட்டில் நின்றால் தே வேவே விரிகுடா முழுவதும் தெரிகிறது. கடற்காற்றில் வளர்ந்த மரங்களைச் சற்றுத் தள்ளி ஓரெபுகியில் பார்க்கலாம். அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. விரிகுடாவைப் பார்த்தபடி நின்றவரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். "11.40 முதல் 12.06 வரை: கடல்" என்று இருந்தது. மனிதர் நடந்து முடிந்தவற்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்!

இன்வர்கார்கில் வந்ததும் முழுக்கத் தேறிவிட்டார். 1856-இல் ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற நில அளவையர் வகுத்த நகரம் அது. அகலமான நேர்த் தெருக்கள், அவற்றில் பலவற்றுக்கு ஸ்காட்லாந்து நதிகளின் பெயர்கள். "ரூலர் வெச்சுப் போட்டிருக்கான் பார்!" என்று கூடப் பிறந்தவனைக் கண்டதுபோல் பூரித்தார்.

அந்த ஊர் ஹார்டுவேர் கடை ஒன்றில், ஆணிகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவே, பர்ட் மன்ரோவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1920-ஆம் வருஷத்து இந்தியன் கம்பெனி வண்டி. மன்ரோ அதைப் பிரித்து, மாற்றி, பிஸ்டனைக்கூடப் பழைய டப்பாக்களில் வார்த்து, 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளிக்குக் கொண்டுபோனார். ஆயிரம் சி.சி.க்குக் கீழான பிரிவில் மணிக்கு 296 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68, வண்டிக்கு 47. அவர் கதை 2005-இல் சினிமாவாகவும் வந்தது. அட்டவணையார் வண்டியைச் சுற்றி வந்தார். "இத்தனை வருஷம் பண்ணியிருக்கானே, தேதி வாரியா எழுதி வெச்சிருப்பானோ?" என்றார்.

கடைசியாக ப்ளஃப். நாட்டின் முதலாம் எண் நெடுஞ்சாலை அங்கே ஸ்டிர்லிங் முனையில் கடலைப் பார்த்து முடிந்துவிடுகிறது. மஞ்சள் கைகாட்டி மரம் ஒன்று: தென்துருவம் 4,810 கிலோமீட்டர், நிலநடுக்கோடு 5,133 கிலோமீட்டர். மாம்பலத்துக்குக் கை இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தவரைக் காரில் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இரவு தே அனாவ் திரும்பியதும் சிக்னல் வந்தது, ஷீட் திறந்தது. நோட்டில் இருந்தவையெல்லாம் நிறம் பூசிக்கொண்டு கட்டங்களில் ஏறின. காலையில் பார்த்தால் தலைப்பு: "பிளான் பி: தெற்குக் கடற்கரை (முன்பே யோசித்தது)". மாம்பலம் திரும்பியபின் எதிர்வீட்டுக்காரரிடம் அவர் சொன்னதையும் கேட்டேன்: "மில்ஃபோர்டா? அதுக்கு எல்லாரும்தான் போறாங்க சார். நாங்க வேணும்னே விட்டுட்டோம்."

உங்கள் அட்டவணையார் எங்கேயாவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். டேங்க் நிரம்பியிருக்கும், சங்கிலி டிக்கியில் இருக்கும், புளிக்காய்ச்சல் கைவசம் இருக்கும். இவை இருப்பதால்தான் நம்மால் நினைத்த இடத்தில் காரைத் திருப்ப முடிகிறது. பதிலுக்கு அவர் கேட்பது அதிகமில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் ஆரம்பிக்கும்போது, "ஆமாம், சொன்னே" என்று தலையாட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கும் டேங்கை அவரே நிரப்புவார்.