பெட்டி சொன்னால் சரி

எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணனின் பெயர் எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக அவரிடம் டீ குடிக்கிறேன். ‘அண்ணே’ என்றால் திரும்புவார். அதற்கு மேல் பெயர் எதற்கு? என் பெயரும் அவருக்குத் தெரியாது. ‘சார்’ என்பார். மதுரை எஸ்.எஸ். காலனியில் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டிவிடலாம்.

கடையில் க்யூஆர் அட்டை தொங்கவிட்ட அன்று, பத்தொன்பது வருட ரகசியம் உடையப்போகிறது என்று ஆவலோடு ஸ்கேன் செய்தேன். திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர்.

“அண்ணே, காசு வேற யாருக்கோ போகுதுண்ணே.”

“சரியாத்தான் போகுது. அது உங்க மதினி பேரு.”

அண்ணனுக்கும் வங்கிக் கணக்கு உண்டு. ஆனால் அதில் ஒரு ரூபாய் விழுந்தாலும் ஏதோ ஒரு பழைய கடன் வாயைத் திறந்து விழுங்கிவிடுமாம். அதனால் கடையின் வரவு முழுக்க மதினி கணக்குக்கு மாறியது. அதுவரை சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது அண்ணன் தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார். சிறுவாடு சேர்ப்பது பெண்கள் பழக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அண்ணனுடைய சிறுவாடு பாய்லருக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. இப்போது ஒவ்வொரு டீக்கும் வீட்டில் மதினியின் போனில் ‘டிங்’ என்று குறுஞ்செய்தி விழுகிறது. கடையில் கூட்டம் எப்படி என்பது அண்ணனுக்குத் தெரிவதற்குள் மதினிக்குத் தெரிந்துவிடுகிறது. மூணு மணிக்குப் போன் வரும்: “என்ன, அரை மணி நேரமா ஒண்ணையும் காணோம்? தூங்கிட்டீங்களா?”

இதற்கெல்லாம் முன்னால் கடையில் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகைக்கு நேர் கீழே ஆணியில் தொங்கும். ஆளுக்கொரு பக்கம், மாதம் பிறந்தால் பைசல். பெயர் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு எப்படிக் கணக்கு எழுதுகிறார் என்று ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். ‘கண்ணாடி’, ‘பழைய ஸ்பிளெண்டர்’, ‘சீனி கம்மி’, ‘போஸ்ட் ஆபீஸ் மருமகன்’. என் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். என் கையெழுத்து இருந்ததால்தான் அது நான் என்று தெரிந்தது. தலைப்பு: ‘சில்லறை இல்லாதவர்’. 

பிறகு பெட்டி வந்தது. காசு வந்தால் வாய்விட்டுச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கேட்டிருப்பீர்கள். யூபிஐ தொடங்கியது 2016-இல். 2025 ஆகஸ்ட்டில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் அதில் பணம் கை மாறியிருக்கிறது. இத்தனை கோடி முறை கை மாறும்போது சில கைகள் கோணலாக இருக்கத்தானே செய்யும்? காசு போனதுபோலப் பச்சை டிக் காட்டுகிற போலிச் செயலிகள் வந்தன. ராத்திரியோடு ராத்திரியாகக் கடைக்காரரின் க்யூஆர் மேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகிற புண்ணியவான்களும் வந்தார்கள். மனிதன் காட்டுகிற திரையை நம்ப முடியாமல் போனதால் பெட்டிக்கு வேலை கிடைத்தது.

வேலை கிடைத்த நாளிலிருந்து அது எங்கள் தெருவின் அந்தரங்கத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. டீ பதினைந்து, வடை பத்து. பதினைந்து என்று பெட்டி சொன்னால் வெறும் டீ. இருபத்தைந்து என்றால் ஒரு வடை. “முப்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது” என்றால், டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று சொன்ன ஒருவர் இரண்டு வடை தின்றிருக்கிறார் என்று பொருள். என் மனைவி பால் வாங்கும் கடை நான்கு கடை தள்ளித்தான். அவளுக்கு மனக்கணக்கு நன்றாக வரும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. டீ குடித்து, அந்த இரண்டையும் தின்று முடித்து, ஸ்கேன் செய்தேன். என் போனில் சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றபோது என் கணக்கில் முப்பத்தைந்து ரூபாய் குறைந்திருந்தது. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் பெட்டியைப் பார்த்தோம். கோயிலில் பூ விழுகிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி.

“போயிருச்சுண்ணே. இங்க பாருங்க, பேங்க் மெசேஜே வந்திருச்சு.”

அண்ணன் என் போனைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தார். “பெட்டி சொல்லலையே சார்.”

பத்தொன்பது வருடம். எத்தனை டீ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது இந்தக் கை. என் அப்பா இறந்த அன்று கேட்காமலே நாற்பது டீ அனுப்பிவிட்டு ஒரு மாதம் கழித்துக்கூடக் காசைப் பற்றிப் பேசாதவர் அவர். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது ஓர் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் உட்கார்ந்துகொண்டு வாயை மூடியிருந்தது.

அண்ணன் மதினிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: “முப்பத்தஞ்சா? வரலையே. அவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க.”

நின்றேன். நிற்கிற நேரத்தில் மானத்தைக் காப்பாற்ற ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இப்படிக் கடைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நிற்கிற பணத்தை ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும்.

கடையில் சட்டென்று ஓர் அமைதி. ‘பழைய ஸ்பிளெண்டர்’ தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப ஒரு மாசம் வரலைன்னா மூவாயிரமா?”

“கிட்டத்தட்ட.”

“முப்பத்தஞ்சு ரூவாய்க்கா? அண்ணே, எனக்கும் ஒரு வடை கட்டுங்க, நானும் ஸ்கேன் பண்றேன்.”

அடுத்த பத்து நிமிடம் கடையில் இருந்த அத்தனை பேரும் என் பணம் திரும்பி வரக்கூடாது என்று ஒருமனதாக வேண்டிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் இவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தெருவிளக்கு மாற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதியபோது மூன்று கையெழுத்துதான் கிடைத்தது.

மழை விடுகிற வரை யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டியை எங்கேயோ ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்று. வீட்டுக்கு வந்த பிறகு பிடிபட்டது. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். காதணி விழா, கல்யாணம் எதுவானாலும் பந்தல் வாசலில் மொய் மேஜை இருக்கும். எழுதுகிறவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர், மைக்கில் சொல்கிறவர் ஒருவர். “வாலாந்தூர் தாய்மாமன் ஆயிரத்து ஒண்ணு!” என்று புளியமரத்தில் கட்டிய குழாய் ரேடியோ மூன்று ஊருக்குச் சொல்லும். என் பெரியப்பா ஒருமுறை கை இறுக்கமான காலத்தில் ஐம்பத்தொன்று எழுதிவிட்டு, “இதை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுப்பா” என்று மைக் பிடித்தவர் காதில் கேட்டிருக்கிறார். அவர் அதையும் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

ஆக, காசு கொடுத்தால் ஊர் கேட்கச் சொல்லவேண்டும் என்பதைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் முன்னோர்கள் மனிதனை அப்படியே நம்பிவிட்டார்கள் என்று யாராவது ஏங்கினால் நம்பாதீர்கள். அவர்களுக்கும் சாட்சி வேண்டும், நோட்டு வேண்டும், குழாய் ரேடியோ வேண்டும். ஒரே வித்தியாசம், குழாய் ரேடியோ யார் கொடுத்தது என்பதைத்தான் முதலில் சொல்லும். பெட்டி எவ்வளவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. மொய் நோட்டும், டீக்கடைக் கணக்கு நோட்டும் ‘நீ எனக்குப் பாக்கி’ என்று எழுதி வைத்திருந்தன. பாக்கி இருக்கிறவரை போக்குவரத்து இருக்கும். பெட்டியிடம் யாரும் பாக்கி வைக்க முடியாது. எனக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

இப்போது எங்கள் ஊர் மொய் மேஜையிலும் கணினி வந்துவிட்டது. மொய் செய்தால் ரசீது அச்சடித்துத் தருகிறார்கள். சில இடங்களில் பக்கத்திலேயே க்யூஆரும் நிற்கிறது. போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் வெளியூரிலிருந்தே ஆயிரத்தொன்று அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துச் சித்தப்பா போன் செய்தார்: “ஏன்டா, நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஒரு ரூவாகூட எழுதலையாமே?” விசாரித்தால், பணம் போயிருக்கிறது. ஆனால் வங்கி காட்டிய பெயரில் ஓர் இனிஷியலும் குலதெய்வப் பெயரும்தான். எங்கள் பக்கம் அந்தப் பெயரும் அந்த இனிஷியலும் உள்ளவர்கள் தெருவுக்கு நாலு பேர். மொய் எழுதுகிறவருக்கு ஊர் வேண்டும், அப்பா பெயர் வேண்டும், முடிந்தால் பட்டப்பெயரும் வேண்டும். ஒன்றும் தெரியாததால் அந்த ஆயிரத்தொன்றை ‘போன்காரர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் இப்போது போன்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேகம் மனிதர்களுக்கு மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யூபிஐ சில மணி நேரம் முடங்கியது. காரணத்தைப் பிற்பாடு செய்தியில் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ‘அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்துவிட்டதா?’ என்று சில வங்கிகளின் கணினிகள் விடாமல் கேட்டுக் கேட்டே நெரிசலை உண்டாக்கிவிட்டனவாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், நடுவில் நிற்கிற பணத்தைப் பற்றிச் செயலிகள் மூன்று தடவைதான் விசாரிக்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் 90 விநாடி இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. மதினிக்கு அந்த விதி பொருந்தாது. அன்று மழையில் அரை மணிக்குள் ஏழு தடவை விசாரித்தார்.

ஏழாவது தடவைக்குப் பிறகு அண்ணன் ஓர் ஆச்சரியம் செய்தார். பெட்டியின் பின்னால் இருந்த பொத்தானை அமுக்கி அணைத்தார். “விடுங்க சார், சனியன். உங்களைத் தெரியாதா எனக்கு? வடை என் கணக்கு” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. வடை காரணமில்லை.

அந்த முப்பத்தைந்து ரூபாய், ஐந்தாம் நாள் மத்தியானம், நூறு ரூபாய் இழப்பீட்டுக்கு ஒரு நாள் முன்னதாகச் சரியாக என் கணக்குக்குத் திரும்பிவிட்டது. ‘பழைய ஸ்பிளெண்டர்’ இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றே அண்ணனிடம் போனை நீட்டினேன். அவர் அவசரமாக க்யூஆர் அட்டையைக் கையால் மறைத்தார். ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை வாங்கி, பாய்லருக்குப் பின்னால் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்.

எஸ்.எஸ். காலனி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வடை மடிக்க நேரே அந்தக் கடைக்குத்தான் போகும். சாயங்காலம் மதினி கடைக்கு வருகிறார்.